குளச்சலுக்கு கே-யா, சி-யா?

மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் ஷீட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் 20-ஆம் தேதி. ஜிஎஸ்டி 3பி என்கிற மாத வரிக்கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள், ஒரு நாள் பிந்தினால் 50 ரூபாய் தண்டம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி, கையெழுத்துப் போட உதவும் எம்சைனர் மென்பொருளைத் திறந்தேன். அதை ஒவ்வொரு முறையும் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்', அதாவது அட்மின் உரிமை, கொடுத்துத்தான் திறக்க வேண்டும். திரை மங்கியது. நடுவில் ஒரு பெட்டி. அட்மின் பாஸ்வேர்டு போடு என்கிறது.

பாஸ்வேர்டு வைத்திருக்கும் ஐடி அண்ணன் இருப்பது நாகர்கோவில் தலைமை ஆபீஸில். ஏழு தடவை போன் அடித்தபிறகு எடுத்தார். "பேடிக்காண்டாம், எனிடெஸ்கைத் திற, நானே போட்டுத் தாறேன்" என்றார். தூரத்தில் இருந்தே என் திரையைப் பார்த்து இயக்க உதவும் மென்பொருள் அது. திறந்தேன். பெட்டி வந்ததும் அவர் பக்கம் திரை கறுத்துவிட்டது! அந்தப் பெட்டி பாதுகாப்புக்காகத் தனித் திரையில் வருமாம். அட்மின் உரிமை இல்லாமல் ஓடுகிற எனிடெஸ்கால் அதைப் பார்க்கவே முடியாது. அட்மின் உரிமை கொடுக்க அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். எப்படி இருக்கிறது கதை?

கடைசியில் என்ன செய்தார்? போனிலேயே சொன்னார்.

"டி கேப்பிடல், தக்கலைக்க டி. அப்புறம் குளச்சல்."

"குளச்சலுக்கு கே-யா அண்ணே?"

"சி-டே! போர்டில சி தானே போட்டிருக்கு?"

வெளியே மழை தகரத்தில் கொட்டுகிறது. சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன். லோடு இறக்க வந்த டிரைவர், டீ கொண்டுவந்த தம்பி, பக்கத்து சீட்டு அக்கா, எல்லாருக்கும் இப்போது கம்பெனியின் அட்மின் பாஸ்வேர்டு மனப்பாடம். அக்கா அதைக் காலண்டருக்குப் பின்னால் எழுதியும் வைத்துவிட்டார். குலசேகரம் கிளையிலும் கருங்கல் கிளையிலும் இதே பாஸ்வேர்டுதான் என்பது தனிக்கதை.

இந்தப் பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு இது வந்தபோது எல்லாரும் திட்டினார்கள். ஆனால் யாரோ மெயிலில் அனுப்பிய எதையோ நான் அமுக்கித் தொலைத்தால், என் சாதாரண அக்கவுன்ட்டோடு அது நின்றுவிட நல்ல வாய்ப்பு உண்டு. பிரின்ட் வேலைகளைக் கவனிக்கிற விண்டோஸ் பிரின்ட் ஸ்பூலரில் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தபிறகு 2021 ஆகஸ்டில் ஷேர் செய்த பிரின்டருக்கு டிரைவர் மென்பொருள் போடவும் அட்மின் உரிமை கட்டாயம் என்றது மைக்ரோசாஃப்ட். சரி, நியாயம். ஆனால் அந்த டிரைவரை மொத்தமாகத் தலைமை ஆபீஸிலிருந்தே எல்லா மெஷினுக்கும் தள்ளிவிடலாமே! எனிடெஸ்கை ஒரே ஒருமுறை முறைப்படி இன்ஸ்டால் செய்தால் அந்தப் பெட்டி அவருக்கும் தெரியுமே! மெஷினுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்துத் தானாக மாற்றுகிற லேப்ஸ் 2023-லேயே விண்டோஸுக்குள் வந்துவிட்டது. இதெல்லாம் கணக்கு எழுதுகிற எனக்கே தெரிகிறது. மேலே சொன்னால், "உன் வேலையைப் பாரு" என்கிறார்கள். என் வேலையைப் பார்க்கத்தானய்யா அந்தப் பாஸ்வேர்டு!

போன வாரம் தலைமை ஆபீஸிலிருந்து மெயில் வந்தது: பாஸ்வேர்டு வெளியே கசிந்ததால் மாற்றப்பட்டுள்ளது, யாரிடமும் பகிர வேண்டாம்.

இன்று மறுபடி 20. மணி நாலரை. திரை மங்கி நிற்கிறது, அண்ணன் போன் பிஸி. டீ கொண்டுவந்த தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "பழையது போட்டுப் பாத்தியளா, தக்கலைக்க டி?" என்கிறான்.