டிகாக்சினுக்கு 'லீவு' விடுவது அது விஷம் என்பதாலா?

இதயத் துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரையான டிகாக்சின் பற்றி மதுரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "டிகாக்சின் விஷச்செடி மாத்திரை. அதனால்தான் டாக்டர்களே வாரத்தில் 2 நாள் போடாதே என்கிறார்கள். நிறுத்திவிட்டு மருதம்பட்டைக் கஷாயம் குடியுங்கள்."

செடி என்பது நிஜம். ஃபாக்ஸ்குளோவ் என்ற அந்தச் செடியின் இலையைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-லேயே எழுதிவிட்டார். அளவு மீறினால் நஞ்சு என்பதும் சரி. மீதியெல்லாம் கோளாறு.

சீட்டில் '5/7' என்று எழுதியிருந்தால் வாரத்துக்கு 5 நாள் என்று பொருள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கே இந்த மருந்தில் பாதி வெளியேற ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் தாமதமாகும். உடம்பில் மருந்து அளவுக்கு மேல் சேர்ந்துவிடக் கூடாதே என்றுதான் சனி, ஞாயிறு இடைவெளி. அந்த 2 நாளும் ரத்தத்தில் மருந்து கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். எல்லோருக்கும் இந்த இடைவெளி தேவையுமில்லை.

தானாக நிறுத்தினால்? தாறுமாறாகத் துடிக்கும் இதயம் மறுபடி வேகமெடுக்கும், மூச்சு வாங்கும், கால் வீங்கும். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்த மருதம்பட்டை மாற்று என்று நிரூபணம் இல்லை. கீழமாசி வீதியில் பட்டை வாங்குவது உங்கள் விருப்பம். மாத்திரையை நிறுத்தாதீர்கள், கஷாயம் குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. நீர் பிரிய மாத்திரையும் சேர்த்துப் போடுபவர்களுக்குப் பொட்டாசியம் இறங்கினால், வழக்கமான டிகாக்சின் அளவே நஞ்சாகலாம். குமட்டல், பசியின்மை, பார்வையில் மஞ்சள் தட்டுவது, நாடி மிக மெதுவாவது தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.