37½ கிராம் ஈரல்

(கடலூர் முதுநகர். விடிந்தும் விடியாத நேரம். தலை, கால், குடல், ஈரல் விற்கும் அஞ்சலையின் பலகைக்கு முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு சார்.)

சார்: ஈரல் 37.5 கிராம் கொடும்மா.

அஞ்சலை: ஹெல்மெட்டுக்குள்ள இருந்து பேசினா ஒண்ணும் கேட்கலை சார். கால் கிலோவா, அரைக் கிலோவா?

சார்: முப்பத்தேழரை கிராம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அஞ்சலை: நகைக்கடை இன்னும் திறந்திருக்க மாட்டாங்களே சார்.

சார்: விளையாடாதேம்மா. ஆதிக்குப் புது டயட். இனிமேல் எல்லாமே பச்சைதான். வேகவைக்கவே கூடாது.

அஞ்சலை: பச்சை ஈரலா! ஆதி யாரு?

சார்: எங்க கடைசிப் பையன்.

அஞ்சலை: என்ன வயசு?

சார்: நாலு முடிஞ்சது.

அஞ்சலை: (ஹெல்மெட்டுக்கு வெளியே தெரியும் வெள்ளை மீசையை ஒரு தடவை பார்த்துவிட்டு) சரி. சாமி கொடுக்கிறப்போ வேண்டாம்னா சொல்ல முடியும்?

சார்: எடை முப்பது கிலோ.

அஞ்சலை: நாலு வயசுக்கா? முதல்ல சுத்திப் போடுங்க சார்.

சார்: இத்தனை நாளும் பாக்கெட் தீனிதான். ஒரே சொறி. உட்கார்ந்து எழுந்தால் சோபா முழுக்க முடி.

அஞ்சலை: ஐயோ பாவம். டாக்டர் என்ன சொன்னார்?

சார்: பச்சைக் கறியே வேண்டாம் என்றார். அந்தக் காலத்து டாக்டர். அவனுக்குள்ளே ஓநாய் இருக்கிறது, அது அவருக்குப் புரியவில்லை.

அஞ்சலை: பையனோட அம்மாவாவது சொல்ல வேண்டாமா சார்?

சார்: அவன் அம்மாவை யார் பார்த்தது? பெங்களூரில் ஒரு ஆளிடம் நாற்பதாயிரம் கொடுத்து வாங்கினோம்.

அஞ்சலை: (கத்தியைக் கீழே வைத்துவிட்டு) காசு கொடுத்தா!

சார்: சும்மா இல்லை, பேப்பரோடு. அப்பா இரண்டு தடவை சாம்பியன். ஒரே ஈற்றில் எட்டு, அதில் நாங்களே பொறுக்கி எடுத்தோம்.

அஞ்சலை: ஈற்றுலயா?

சார்: கோல்டன் ரெட்ரீவர்மா!

அஞ்சலை: நாயா!

சார்: மெல்லப் பேசு. அவனை வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

(வீட்டு நாயைப் பையன் என்று கூப்பிடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்தவர் போலீசைக் கூப்பிடுவதற்கு முன்னால் விஷயத்தைச் சொல்லிவிட்டால் போதும்.)

அஞ்சலை: நாய்க்கு எதுக்கு சார் முப்பத்தேழரை? ஒரு துண்டு அறுத்துப் போட்டா தின்னுட்டுப் போகுது.

சார்: அப்படியெல்லாம் போட முடியாது. உடம்பு எடையில் இரண்டரை சதவீதம். முப்பது கிலோவுக்கு ஒரு நாளைக்கு 750 கிராம். அதில் எண்பது பங்கு கறி, பத்து பங்கு எலும்பு, பத்து பங்கு உள்ளுறுப்பு. அந்தப் பத்தில் பாதி ஈரல், பாதி வேறு உறுப்பு. ஆக, ஈரல் 37.5.

அஞ்சலை: ஆட்டுக்கு இந்தக் கணக்கு தெரியுமா சார்?

சார்: மீதி 37.5-க்கு என்ன இருக்கிறது?

அஞ்சலை: சுவரொட்டி இருக்கு, அதான் மண்ணீரல். ரத்தம் ஊறும்னு பிள்ளை பெத்தவங்களுக்கு வாங்கிட்டுப் போவாங்க. இதயம் வேணுமா?

சார்: இதயம் உள்ளுறுப்புக் கணக்கில் வராது. அது கறிக் கணக்கு.

அஞ்சலை: இதயம் உறுப்பே இல்லையா?

சார்: இந்த டயட்டில் இல்லை.

அஞ்சலை: (தராசில் ஈரலை வைத்து) நாற்பது காட்டுது. விட்டுடலாமா?

சார்: இரண்டரை கிராம் கூடுகிறதே! தினம் தினம் ஈரல் கூடினால் வைட்டமின் ஏ ஏறி விஷமாகும் தெரியுமா?

அஞ்சலை: (நறுக்கி) முப்பத்தெட்டு.

சார்: அந்த அரை கிராம்?

அஞ்சலை: அது ஈ உட்கார்ந்திருக்கு சார். கொஞ்சம் பொறுங்க, பறந்ததும் சரியா இருக்கும்.

சார்: (ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிக் குனிந்து பார்த்து) பறந்தும் 38 தான் காட்டுகிறது.

அஞ்சலை: அப்போ ஈ ஏதோ வச்சிட்டுப் போயிருக்கு. சார், ஒண்ணு கேட்கிறேன். முதல் நாளே எல்லாத்தையும் கொடுத்தீங்களா?

சார்: ராத்திரி வீடியோ பார்த்தேன். காலையில் ஆரம்பித்துவிட்டேன். நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

அஞ்சலை: ஈரலும் அன்னைக்கேவா?

சார்: ஆமாம்.

அஞ்சலை: வயித்தால போயிருக்குமே.

சார்: சோபா மாற்றியாச்சு.

அஞ்சலை: பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டினாலே மூணு விரல்ல எடுத்து உதட்டுலதான் தடவுவாங்க. பழைய தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, வெறும் கோழிக்கறியில ஆரம்பிச்சு, வயிறு பழகினதும் எலும்பு, கடைசியிலதானே ஈரல்? இதெல்லாம் வீடியோவுல வரலையா?

சார்: வந்திருக்கும். நான் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். அதுவாவது பரவாயில்லை, வீட்டில் பச்சை எலும்பைப் பார்த்து அருவருத்து, எனக்குத் தெரியாமல் குக்கரில் வைத்துவிட்டார்கள். வேகவைத்த எலும்புதான் சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். நல்லவேளை, நாலாவது விசிலில் எழுந்துவிட்டேன்.

அஞ்சலை: டாக்டர் ஏன் வேண்டாம்னார்?

சார்: பச்சைக் கறியில் சால்மொனெல்லா கிருமி இருக்குமாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமே 2012-ல் இது வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். அப்புறம் 2013-ல் சுவீடன்காரர்கள் ஆராய்ச்சி செய்தார்களாம். மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு ஓநாய்க்கு இரண்டே பிரதியாம், நாய்க்கு அதைவிட எத்தனையோ மடங்காம். மனுஷனோடு சேர்ந்து வாழ்ந்து, அவன் சாப்பிடுகிறதைச் சாப்பிட்டே வயிறு மாறிவிட்டது என்கிறார்.

அஞ்சலை: இதுக்கு சுவீடன் எதுக்கு சார்? தேவனாம்பட்டினம் மீனவர் குப்பத்துக்குப் போனாப் போதும். அங்க நாய்க்குப் பழைய சோத்துல மத்திக் குழம்பு ஊத்தி வைப்பாங்க. தின்னுட்டு ராத்திரி பூரா படகுக்குக் காவல் இருக்கும். உங்க ஓநாய் என்ன காவல் காக்கும்?

சார்: ஏசி போட்டால்தான் அவனுக்குத் தூக்கமே வரும்.

அஞ்சலை: ஏசி ஓநாயா!

சார்: சும்மா சொல்லக் கூடாது, பாசம் அதிகம். தட்டைக் காலி பண்ணினதும் நேரே ஓடி வந்து எங்கள் முகமெல்லாம் நக்கிவிட்டுத்தான் மறுவேலை.

அஞ்சலை: பச்சை ஈரல் தின்ன வாயாலயா?

சார்: ஆமாம்.

அஞ்சலை: டாக்டர் சொன்ன கிருமி?

சார்: பாசத்துக்குக் கிருமி ஏது?

அஞ்சலை: அது சரி சார், நீங்க இதெல்லாம் சாப்பிடுவீங்களா?

சார்: சிவ சிவா! நாலு தலைமுறையாக சுத்த சைவம். முட்டை போட்ட கேக் கூட வாசல் தாண்டாது. அதனால்தானே மஞ்சக்குப்பத்திலிருந்து இவ்வளவு தூரம் ஹெல்மெட்டோடு வருகிறேன்.

அஞ்சலை: அப்போ இதையெல்லாம் எங்க வைப்பீங்க? சாமி ரூம் இருக்கிற வீடாச்சே.

சார்: மாடி போர்ஷன் போன வருஷத்திலிருந்து காலி. அங்கேதான் ஆதிக்குத் தனி ஃப்ரீசர், தனிக் கட்டை, தனிக் கத்தி. ஒரு வாரக் கறியை அங்கேயே பங்கு போட்டு வைத்துவிடுவேன்.

அஞ்சலை: வாடகைக்கு ஆள் வரலையா?

சார்: வராமல் என்ன? போன மாதம் கூட ஒரு பையன் வந்தான். சிப்காட்டில் வேலை, புதுசாகக் கல்யாணம் ஆனவன். நல்ல மாதிரிதான். ஆனால் அசைவம் என்றான். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அஞ்சலை: பச்சை பெயின்ட் அடிச்ச கேட்டு, வாசல்ல செம்பருத்தி. அந்த வீடா?

சார்: உனக்கு எப்படித் தெரியும்?

அஞ்சலை: கேட்டைத் தாண்டி உள்ள விடலைன்னான் சார். உங்க ஆதி மட்டும் வெளியில வந்து அவன் கையை நக்கிச்சாம்.

(அஞ்சலை ஈரலை இன்னொரு தடவை தராசில் வைக்கிறார். சார் ஹெல்மெட் கண்ணாடியை இறக்குகிறார்.)

சார்: அது உன் பையனா? நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மனுஷர்களைச் சொல்லவில்லை, அவர்கள் சமைக்கிற வாசனைதான் ஆகாது. மசாலா, தாளிப்பு, கருவாடு, எல்லாம் படியிறங்கி நேரே சாமி ரூமுக்கு வந்துவிடும். ஆதி விஷயம் வேறு. பச்சையாகச் சாப்பிடுகிறான், அடுப்பே இல்லை. வாசனை வராது.

அஞ்சலை: அவ்வளவுதானா? என் பையனையும் மருமகளையும் பச்சையாவே சாப்பிடச் சொல்லிடறேன். சாவியைக் கொடுங்க.

சார்: (ஹெல்மெட்டுக்குள்ளிருந்து) அட்வான்ஸ் பத்து மாதம் ஆகும்மா.