சாமந்தியைப் பிடுங்காதீர்கள்

“சாமந்தி ஒரு பருவத்துச் செடிதான், பூத்து முடிந்ததும் பிடுங்கிவிடுங்கள்” என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. அது பல்லாண்டுச் செடி. பூ ஓய்ந்ததும் தண்டைத் தரையை ஒட்டி வெட்டிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். பூ விவசாயிகள் மறுதாம்பு விடுவது, அதாவது வெட்டிய அடியிலிருந்தே அடுத்த விளைச்சல் எடுப்பது, இதை நம்பித்தான்.

வேலூர் போன்ற ஊரின் வெயிலும் இதற்குப் பகை அல்ல. மே மாதத்தில் மட்டும் பிற்பகல் நிழல் கொடுங்கள். நீர் தேங்கினால்தான் வேர் அழுகும், அதனால் மேட்டுப்பாத்தி நல்லது. ஆடியில் நுனி கிள்ளினால் கிளை பெருகும்.

முக்கியமாக, இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு கட்டும். இரவெல்லாம் தெருவிளக்கு படும் இடத்தில் பூக்காமலே நிற்கலாம். அந்தச் செடியையும் பிடுங்க வேண்டாம், வேறு இடத்தில் நடுங்கள்.