ஐஎஸ்ஓ 2709 வெறும் உறைதான்

நூலகப் பட்டியலை வின்ஐசிஸ் என்ற பழைய நூலக மென்பொருளிலிருந்து கோஹா என்ற மென்பொருளுக்கு மாற்றுவது பற்றி, "வின்ஐசிஸ், கோஹா ரெண்டுமே ஐஎஸ்ஓ 2709. ஏற்றுமதி பண்ணி அப்படியே ஏத்திடலாம்" என்று சொல்வது பாதி சரி, சார். ஐஎஸ்ஓ 2709 என்பது நூல் பதிவுகளைப் பரிமாறும் கோப்பு வடிவம்; அது ஒரு உறை. உள்ளே இருக்கும் கடிதம் வேறு.

வின்ஐசிஸில் புல எண்களை (தலைப்பு, ஆசிரியர் போன்ற ஒவ்வொரு விவரத்துக்கும் உரிய எண்) அந்தந்த நூலகமே வைத்துக்கொள்ளும். உங்கள் 200-ஆம் புலம் தலைப்பாக இருக்கலாம்; கோஹாவுக்கு வேண்டிய மார்க் 21 என்ற பதிவு முறையில் தலைப்பு 245, ஆசிரியர் 100. இந்தப் பொருத்தத்தை முதலில் தாளில் எழுதிவிட்டு மார்க்எடிட் என்ற மென்பொருளில் மாற்றுங்கள். இன்னொன்று, வின்ஐசிஸ் வழக்கமாக வரியை 80 எழுத்தில் உடைக்கும், முடிவுக்குறியாக # போடும். இரண்டையும் சரிசெய்யாவிட்டால் கோஹாவுக்குப் பதிவு எங்கே முடிகிறது என்றே தெரியாது.

பெரிய தலைவலி எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டை வின்ஐசிஸ் அறியாது. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து நூலகங்களில் தமிழும் மலையாளமும் ஒரே தரவுத்தளத்தில், ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சாகியிருக்கும். மொத்தத்தையும் ஒரே எழுத்துரு மாற்றியில் போட்டால் மலையாளத் தலைப்புகள் குப்பையாகும். இடையில் உள்ள ஆங்கிலமும் கெடும். மொழிப் புலத்தை வைத்துப் பிரித்து, தனித்தனியாக மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும். மொழிப் புலமே நிரப்பாதவர்களுக்குக் கண்தான் கருவி, வேறு வழியில்லை. மாற்றி முடித்ததும் ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் (leader) 9-ஆம் இடத்தில் (0-விலிருந்து எண்ணி) ஆங்கில 'a' இருக்கிறதா பாருங்கள். யூனிகோட் என்று சொல்வது அதுதான்.

பிரதி விவரம் கோஹாவின் 952-ஆம் புலத்தில் போகாவிட்டால் நூல் தேடலில் வரும், இரவல் கொடுக்க முடியாது. முதலில் 20 பதிவுகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.