எங்களுக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை

போன வாரம் ஒரு நண்பர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மறுபடியும் அந்தப் பேச்சு வந்தது. சுங்க வரியில் வந்த பணத்திலிருந்து ஆளுக்குக் குறைந்தது 2,000 டாலர் தரப்போவதாக அதிபர் டிரம்ப் 2025 நவம்பரில் எழுதினார். அதிலிருந்து இங்கே அமெரிக்காவில் நாலு தமிழர் சேர்ந்தால் இது வராமல் இருப்பதில்லை. "அதிக வருமானம் உள்ளவர்களுக்குக் கிடையாது" என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்த "அதிக" என்பது எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "கோவிட் சமயத்தில் கொடுத்தது போதாதா? வேலைக்குப் போகாதவனுக்கெல்லாம் காசு கொடுத்துக் கெடுத்து வைத்தார்கள்" என்றார்.

நான் அங்கே அதிகம் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. தேவையில்லாமல் அந்தப் பணத்தை வாங்கியவர்களில் நாங்களும் உண்டு. அந்த மேசையில் இருந்த பலரும் உண்டு. எங்களில் யாரும் வேலை இல்லாமல் இருந்தவர்கள் அல்ல.

கணக்கைச் சொல்கிறேன். 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான கோவிட் நிவாரணச் சட்டப்படி பெரியவர்களுக்குத் தலைக்கு 1,200 டாலர், 17 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 500. தனியாக இருப்பவருக்கு ஆண்டு வருமானம் 75,000 டாலர் வரை, சேர்ந்து வரிக் கணக்கு காட்டும் தம்பதிக்கு 1,50,000 வரை முழுத் தொகை. அதற்கு மேல் ஒவ்வொரு 100 டாலருக்கும் 5 டாலர் குறையும். நானும் கணவரும் சேர்ந்து ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் கீழே இருந்தோம். ஒரு குழந்தை. ஏப்ரல் நடுவில் ஒரு காலையில் 2,900 டாலர் வங்கிக் கணக்கில் வந்து நின்றது. டிசம்பரில் போட்ட சட்டத்தில் தலைக்கு 600 வீதம் 1,800. 2021 மார்ச்சில் தலைக்கு 1,400 வீதம் 4,200. மூன்றையும் கூட்டினால் 8,900 டாலர்.

அந்த நேரத்தில் எங்கள் இருவர் வேலையும் அப்படியே இருந்தது. வீட்டிலிருந்தே வேலை. பெட்ரோல் செலவு இல்லை, குழந்தையைப் பகலில் விட்டுவைக்கும் இடத்துக்குக் கட்டும் பணம் இல்லை, கோடையில் ஊருக்குப் போகும் விமான டிக்கெட்டும் இல்லை. உண்மையைச் சொன்னால் எங்கள் கையிருப்பு வழக்கத்தைவிட வேகமாக ஏறியது. நாங்கள் மட்டும் இல்லை. அந்த ஏப்ரலில் அமெரிக்கர்களின் சேமிப்பு விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு அது பத்தைக்கூடத் தொடவில்லை. கடைகள் மூடியிருந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் செலவழிக்க அவசரம் இல்லாதவர்கள் கைக்குப் பணம் போய்ச் சேர்ந்தது என்பதையும் அந்த எண் சொல்கிறது.

சரி, அப்படியானால் கொடுத்ததே தப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. என் ஆதங்கம் வேறு.

எங்கள் குடியிருப்பிலேயே, இரண்டு கட்டிடம் தள்ளி, ஒரு தோழி குடும்பம் இருந்தது. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கணவர் எச்1பி என்ற வேலை விசாவில் ஒப்பந்த வேலை. அவள் எச்4, எச்1பிக்காரரின் மனைவிக்குத் தரும் விசா. இரண்டு பிள்ளைகளும் இங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். 2020 ஏப்ரலில் கணவரின் ப்ராஜெக்ட் நின்றது. எச்1பியில் வேலை போனால் 60 நாள்தான் அவகாசம், அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். விமானமே இல்லாத காலத்தில் எங்கே கிளம்புவது? அவர்களுக்கு 3,400 டாலர் வர வேண்டிய கணக்கு. வந்தது பூஜ்யம்.

காரணம், அவளிடம் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை. இங்கே குடிமக்களுக்கும் வேலை அனுமதி உள்ளவர்களுக்கும் அரசு தரும் எண் அது. வேலை செய்ய அனுமதி இல்லாத எச்4 மனைவிக்கு அது கிடைக்காது. வரிக் கணக்கில் காட்டுவதற்காக ஐடிஐஎன் என்று வேறொரு எண் கொடுப்பார்கள். முதல் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்கு காட்டியிருந்தால் இருவருக்குமே சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். ஒருவருக்கு இல்லையென்றால் அவருக்கு மட்டும் இல்லை என்பதோடு நிற்கவில்லை. ஒழுங்காக வரி கட்டிய கணவருக்கும் இல்லை, குடிமக்களான பிள்ளைகளுக்கும் இல்லை. ராணுவத்தில் இருப்பவர் குடும்பத்துக்கு மட்டும் விலக்கு.

இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஏனென்றால் 2016 வரை நானும் எச்4தான். வரிக் கணக்கில் என் பெயருக்கு நேரே இருந்ததும் ஐடிஐஎன்தான். 2015 மே மாதம் எச்4 மனைவிகளில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கொடுக்கும் விதி வந்ததால்தான் எனக்கு அந்த இன்னொரு எண் கிடைத்தது. கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கொஞ்சம் முன்னதாக இந்தத் தொற்று வந்திருந்தால், என் வீட்டில் நான்தான் அந்தக் காரணமாக இருந்திருப்பேன். என் தோழி பல நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். "என்னாலதான்க்கா பசங்களுக்கும் வரல" என்று அவள் சொன்னதை எந்தப் புள்ளிவிவரத்திலும் பார்க்க முடியாது.

இதே விதியில் அடிபட்டவர்கள் இன்னும் பெரிய கூட்டம். வயல்களிலும் இறைச்சிக் கூடங்களிலும் வேலை செய்த, உரிய ஆவணம் இல்லாத தொழிலாளர்கள். அவர்களிலும் ஐடிஐஎன் வைத்து வரி கட்டுகிறவர்கள் நிறைய. உணவு உற்பத்தியை அத்தியாவசிய வேலை என்று அறிவித்து அவர்களை வேலைக்கு வரச் சொன்ன அதே நாடுதான் அவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து கணக்கு காட்டிய குடிமக்கள் மனைவி, கணவன்மாருக்கும் சல்லிக்காசு தரவில்லை. கலிபோர்னியா மாநிலம் அப்படிப்பட்ட, ஆவணம் இல்லாத சுமார் 1.5 லட்சம் பேருக்கு ஆளுக்கு 500 டாலர் கொடுத்தது.

எனக்கு 2,900, அவளுக்குப் பூஜ்யம். இதில் தேவை என்ற கேள்வியை எங்காவது யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. 2018 அல்லது 2019ஆம் ஆண்டு வரிக் கணக்கில் என்ன வருமானம், என்ன எண், யாருடைய பெயர் என்று மட்டும்தான் பார்த்தார்கள். 2020 ஏப்ரலில் ஒரு குடும்பத்தின் அடுப்பில் என்ன வேகிறது என்று பழைய வரிக் கணக்கு எப்படிச் சொல்லும்?

2019இல் நன்றாகச் சம்பாதித்து 2020 மார்ச்சில் தொழிலே படுத்துப்போன ஆளுக்கு அந்த வசந்த காலத்தில் ஒன்றும் வரவில்லை. அடுத்த ஆண்டு வரிக் கணக்கு காட்டும்போதுதான் கேட்டு வாங்க முடிந்தது. மறுபக்கம், 2019இல் கைச்செலவுக்கு வேலை செய்துகொண்டு படித்தவர் 2020இல் பெரிய சம்பளத்தில் சேர்ந்திருந்தாலும் முழுத் தொகை வந்தது. கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கேட்பதில்லை என்பதும் சட்டத்திலேயே இருந்தது. 17 வயது ஆகிவிட்ட, பெற்றோரைச் சார்ந்த பிள்ளைக்கு முதல் இரண்டு தவணையிலும் கிடையாது, கல்லூரியில் படித்தாலும், உடல் ஊனத்தால் பெற்றோரையே நம்பியிருந்தாலும். கிரீன் கார்டில் வந்து மகன் வீட்டில் இருக்கும், மகனின் வரிக் கணக்கில் சார்ந்தவர்களாகக் காட்டப்பட்ட வயதான அப்பா அம்மாவுக்கும் கிடையாது. 2021 மார்ச் சட்டத்தில்தான் அவர்களையெல்லாம் சேர்த்தார்கள்.

செத்தவர்களுக்குப் பணம் போனது பற்றி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சாப்பாட்டு மேசையிலும் அது வந்தது. 2020 ஜூனில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு சொன்ன கணக்கு அது. ஏப்ரல் 30 வரை ஏறக்குறைய 11 லட்சம் இறந்தவர்கள் பெயரில் சுமார் 140 கோடி டாலர் போயிருந்தது. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. முதல் தவணை மொத்தம் சுமார் 27,000 கோடி டாலர் என்பதை வைத்துப் பாருங்கள், நூற்றுக்கு அரை பங்கு. உயிரோடு, வேலை இழந்து, வாடகைக்கு வழியில்லாமல் இருந்த என் தோழி பெயர் விட்டுப்போனது எந்தத் தலைப்புச் செய்தியிலும் வரவில்லை.

"வேலைக்குப் போகாதவனுக்கு" என்ற பேச்சுக்கு வருகிறேன். 2001இல் புஷ் காலத்தில் 300, 600 என்று கொடுத்தபோது வருமான வரி கட்ட வேண்டியிருந்தவர்களுக்கு மட்டும்தான் வந்தது. 2008இல் குறைந்தது 3,000 டாலர் வருமானம் காட்டினால்தான் உண்டு. அதாவது மிக ஏழைகளை வாசலிலேயே நிறுத்தினார்கள். 2020இல்தான் கீழ் வரம்பே இல்லை என்று வந்தது. நல்ல காரியம். ஆனாலும் வரிக் கணக்கே காட்டாத ஏழைகளில் பலர், வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் இணையதளத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. நூலகமும் மூடிக்கிடந்த மாதங்களில், வீட்டில் கணினி இல்லாதவர் எங்கே போய்ப் பதிவு செய்வார்? எங்களுக்குப் பணம் தானாக வந்தது. அவர்கள் அலைந்து வாங்க வேண்டியிருந்தது.

அப்படிப் போய்ச் சேர்ந்த இடத்தில் அது என்ன செய்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2020இல் இந்தப் பணம் மட்டுமே 1.17 கோடி பேரை வறுமைக் கோட்டுக்கு மேலே கொண்டுவந்தது என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பு சொன்னது. 2021இல் இதோடு குழந்தைகளுக்கான மாதப் பணமும் சேர்ந்தது, ஆறு வயதுக்குட்பட்டால் 300 டாலர், அதற்கு மேல் 250, ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்த உதவிகளையும் சேர்த்துப் பார்க்கும் அளவுகோலில் குழந்தைகளின் வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. எல்லாவற்றையும் நிறுத்திய மறு ஆண்டே 12.4. ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கும் மேல். இதைப் படித்தபின் "கெடுத்து வைத்தார்கள்" என்று என்னால் சொல்ல முடியாது.

விலைவாசி ஏறியதே என்பார்கள். ஏறியது, 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். கப்பல் தாமதம், சிப் தட்டுப்பாடு, உக்ரைன் போர் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆனால் மக்கள் கையில் கொட்டிய பணத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் எங்களுக்கு வந்த மூன்றாவது தவணை, அந்த 4,200 டாலர், வந்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

என் கருத்து இதுதான். ஆபத்து நேரத்தில் பணத்தை எல்லோருக்கும் உடனே கொடுங்கள், எண்ணைப் பார்க்காமல், பழைய வருமானத்தைப் பார்க்காமல். அந்த நேரத்தில் சல்லடை போட்டால் அதில் சிக்கி நிற்பது எப்போதும் எளியவர்கள்தான். அப்புறம் அந்த ஆண்டு முடிந்து வரிக் கணக்கு வரும்போது, உண்மையில் எவ்வளவு சம்பாதித்தோம் என்று தெரிந்துவிடும் அல்லவா? அப்போது எங்களைப் போன்றவர்களிடம் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வரி பாக்கி கட்டுகிற பழக்கம் இந்த நாட்டில் பலருக்கும் உண்டு. 2,900 டாலரைத் தவணையில் கேட்டிருந்தாலும் நாங்கள் கட்டியிருப்போம், எங்களுக்கு ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் 2020 ஏப்ரலில் வராத 3,400 டாலருக்கு, அடுத்த ஆண்டு என்ன கொடுத்தாலும் அந்த ஏப்ரல் திரும்பி வராது.

டிசம்பர் 2020 சட்டத்தில் அந்த விதியை ஓரளவு திருத்தினார்கள். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு, ஐடிஐஎன் வைத்திருப்பவருக்கு மட்டும் இல்லை என்று மாற்றி, முதல் தவணையையும் பின்தேதியிட்டுக் கேட்கலாம் என்றார்கள். என் தோழி வீட்டுக்கு அந்த 2,200 டாலர் 2021 மே மாதம் வந்தது. அதற்குள் அவள் கணவருக்கு அறுபது நாள் முடிய ஒரு வாரம் இருக்கும்போது வேறு ஊரில் குறைந்த சம்பளத்துக்கு வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்து போயிருந்தார்கள். போகும்முன் இரண்டு மாத வாடகைக்கு எங்கள் கணக்கில் சும்மா கிடந்த பணத்தைக் கொடுத்தோம். கைமாற்று என்றால்தான் வாங்குவேன் என்றாள். 2,200 வந்த அன்றே அதிலிருந்து ஒரு பகுதியை எனக்கு அனுப்பிவிட்டு ஃபோன் செய்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

2,000 டாலர் செய்தி வந்த அன்றும் அவளிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. இப்போது அவளுக்கும் வேலை அனுமதி இருக்கிறது, சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறது, ஒரு பள்ளியில் வேலையும் பார்க்கிறாள். வருமான வரம்பு எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. "இந்தத் தடவை எல்லா வைஃபுக்கும் உண்டாக்கா?" என்று கேட்டிருந்தாள்.