எடுக்கவோ கோக்கவோ

நண்பர்களைப் பற்றிய கதைகளில் இப்போதெல்லாம் ஒரே சூத்திரம்தான் ஓடுகிறது. ஒருத்தன் கோபக்காரன், இன்னொருத்தன் சாது. சாது இவனைத் திருத்துவான், இவன் சாதுவுக்குத் தைரியம் கொடுப்பான், கடைசியில் கணக்கு நேராகிவிடும். குறையும் குறையும் சேர்ந்தால் நிறைவு வந்துவிடும் என்று யார் சொன்னது? இப்படி எழுதுகிறவர்கள் துரியோதனனையும் கர்ணனையும் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

துரியோதனனிடம் எல்லாம் இருக்கிறது, ஆனாலும் அடுத்தவனைப் பார்த்தால் வயிறு எரியும். கர்ணனுக்கு வேண்டியது மதிப்பு ஒன்றுதான், அதைக் கொடுத்தவனுக்காக எதையும் விட்டுவிடுவான். அரங்கில் கிருபர் குலம் கேட்டுக் கர்ணன் தலைகுனிந்து நிற்கும்போது, அந்த இடத்திலேயே அங்க தேசத்தைக் கொடுத்து முடிசூட்டுகிறானே துரியோதனன், அதில் பெருந்தன்மை எவ்வளவு, அர்ச்சுனனுக்கு எதிராக ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பதிலுக்கு என்ன தரட்டும் என்று கர்ணன் கேட்கிறான். உன் நட்பு போதும் என்கிறான் இவன். அவ்வளவுதான், ஆயுசுக்கும் கட்டிப்போட்டாயிற்று.

அதற்காக அந்த நட்பு பொய்யா என்றால், இல்லவே இல்லை. வில்லிபுத்தூரார் பாரதத்தில் வரும் அந்த இடத்தைப் பாருங்கள் (வியாசரில் இது கிடையாது). துரியோதனன் மனைவியின் மேகலை மணிகள் சிதறிக் கிடக்கின்றன, கூட இருப்பது கர்ணன் மட்டும். உள்ளே வந்த துரியோதனன் கேட்டது, 'எடுக்கவோ கோக்கவோ'. உலகத்தையே பொறாமையோடு பார்க்கிறவனுக்கு இந்த ஒருத்தன்மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. எனக்கு எத்தனை முறை படித்தாலும் தொண்டை அடைக்கும் இடம் இது.

ஆனால் அந்த நம்பிக்கைதான் கர்ணன் வாயையும் அடைத்தது. நண்பன் எல்லை மீறும்போது முந்திப்போய் இடித்துச் சொல்லத்தான் நட்பு என்கிறார் வள்ளுவர். சூதாட்ட மண்டபத்தில் கர்ணன் செய்தது நேர்மாறு, திரௌபதியை இழிவாகப் பேசித் தீயில் எண்ணெய் ஊற்றினான். செஞ்சோற்றுக்கடன் என்று நாம் கொண்டாடுவதில் பாதி இதுதான். அவன் பொறாமைக்கு இவன் நன்றி தீனி போட்டது, இவன் ஏக்கத்துக்கு அவன் கொடை தீனி போட்டது. எதிரெதிர் குறைகள் உண்மையில் பொருந்துவது இப்படித்தான். அப்புறம் திருந்துவது எங்கே?

உத்தியோக பர்வத்தில் கிருஷ்ணனோடு தனியாகப் பேசும்போது கர்ணனே ஒப்புக்கொள்கிறான், துரியோதனனைச் சந்தோஷப்படுத்தத்தான் பாண்டவர்களைக் கடுமையாகப் பேசினேன், இப்போது வருந்துகிறேன் என்று. தோற்கப்போவதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவையும் கிருஷ்ணனிடம் சொல்கிறான், நண்பனிடம் போய்ச் சொல்லவில்லை. நட்பை எழுத உட்காருகிறவர்கள் முதலில் தேட வேண்டியது அதைத்தான், இவனால் அவனிடம் மட்டும் சொல்ல முடியாத அந்தப் பேச்சு எது என்று.