முதல் வாக்கு 2003இல் அல்ல

"மலையகத் தமிழர் முதன்முதலாக வாக்களித்தது 2003க்குப் பிறகுதான்." அரசியல் விஞ்ஞான விரிவுரையாளர்களுக்கான செயலமர்வுக் குறிப்பு என்ற பெயரில் இந்த வரி இலங்கையின் ஹற்றன், நுவரெலியா பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பிரித்தானியர் காலத்து அரசியலமைப்பான டொனமூர் யாப்பின் கீழ் 1931இலேயே, வதிவிட நிபந்தனைகளோடு, தோட்டங்களில் வேலைசெய்த மலையகத் தமிழர் பலருக்கு வாக்கு இருந்தது. 1947 நாடாளுமன்றத் தேர்தலில் மலையகத் தலைவர்களான சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலும் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் வென்றார்கள். அந்த வெற்றிக்குப் பிறகுதான் பறிப்பு வந்தது: 1948 பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது, 1949 தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கை எடுத்தது.

இந்தியாவுடனான 1964, 1974 ஒப்பந்தங்களும் 1988 பிரஜாவுரிமைச் சட்டமும் பலரது நாடற்ற நிலையைத் தீர்த்தன. 2003இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எஞ்சியவர்களுக்கானது. பறிக்கப்பட்ட உரிமையை இல்லாத உரிமை என்று கற்பிப்பது எங்கள் பாட்டன் பூட்டிக்குச் செய்யும் அநியாயம். குறிப்பை அச்செடுத்தவர்கள் அடுத்த விரிவுரைக்கு முன் அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.